கொஞ்சம் மோந்து பாரு, கண்ணு

அந்த அக்காவின் பெயர் எனக்குத் தெரியாது. பல மாதங்கள் ஒரே பஸ்ஸில் போயிருக்கிறோம். ஒரே பொட்டலத்திலிருந்து சுண்டல் தின்றிருக்கிறோம். அவள் புருஷன் வாந்தி எடுத்தபோது நான் பேப்பர் பிடித்திருக்கிறேன். பெயரை மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை. நான் அவளுக்குக் கண்ணு, அவள் எனக்கு அக்கா, அவள் புருஷன் எனக்கு அண்ணன். அதற்குமேல் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

அடையாறில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை. காலை ஷிஃப்ட் முடித்து மத்தியானம் மந்தைவெளிக்குத் திரும்புவேன். மத்தியான பஸ் என்பது காலையில் போனவர்கள் போட்ட குப்பையெல்லாம் சேர்ந்த பஸ். வேர்க்கடலைத் தோல், மாங்காய்க் கீற்று மடித்த பேப்பர், நசுங்கிய தண்ணீர் பாக்கெட், உதிர்ந்த கனகாம்பரம், ஜன்னலுக்குக் கீழே காய்ந்துபோன பாக்கு எச்சில். பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாரையாவது திட்டிக்கொண்டேதான் ஏறுவேன். கர்ச்சீப்பை விரித்து அதன்மேல் பாதி உடம்பை மட்டும் வைத்து உட்காருகிற ரகம் நான்.

அன்றைக்கு நான் கர்ச்சீப்பை எடுப்பதற்குள் எதிர்வரிசை சீட்டிலிருந்து ஒரு கை நீண்டு வந்து, ஈரத் துணியால் என் சீட்டை ஒரு இழுப்பு இழுத்தது. காய்ந்த துணியால் இன்னொரு இழுப்பு.

"குந்து கண்ணு. இப்போ குந்து."

நல்ல ஆகிருதியான பெண். இரண்டு பக்கமும் மூக்குத்தி, கழுத்து மடிப்புகளில் அப்பிய பவுடர், ஈரம் காயாத கொண்டையில் ஒரு முழம் மல்லி. பக்கத்தில் ஜன்னலோரமாக ஒல்லியாக ஒரு மனிதர். காதோடு சேர்த்துத் தலையில் துண்டு கட்டியிருந்தார். பெரிய எலும்புகள் மேல் பழைய சட்டை தொங்கியது. ஒரு காலத்தில் அந்தச் சட்டையை நிரப்பி நின்ற ஆள் என்று தெரிந்தது. வயிற்றில் கட்டி, அடையாறு பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்றுகிறார்கள், கட்டி கரையக் கரண்ட்டும் வைக்கிறார்கள் என்று அக்காவே சொன்னாள். வீடு பட்டினப்பாக்கம் குப்பத்தில். அவர் கடலுக்குப் போனவர், அவள் மீன் விற்பவள்.

எனக்குத் தெரிந்து, ஏறும்போது இருந்ததைவிட பஸ்ஸைச் சுத்தமாக விட்டுவிட்டு இறங்கிய ஒரே பயணி அந்த அக்காதான். தி.நகர் ஜவுளிக்கடையின் கட்டைப்பை ஒன்று எப்போதும் காலடியில் இருக்கும். அதில் கிழித்த லுங்கித் துண்டுகள், தண்ணீர் பாட்டில், பழைய பேப்பர், காலி கவர்கள், ஒரு எலுமிச்சம்பழம். அடியில் ஒரு கவர் நிறையக் கடற்கரை மண். சீட்டைத் துடைப்பாள், ஜன்னல் கம்பியைத் துடைப்பாள், முன்சீட்டின் முதுகைத் துடைப்பாள். காலடியில் கிடக்கும் கடலைத் தோலைக் கூட்டிப் பேப்பரில் மடிப்பாள். பாதி பஸ் அவளை வேலைக்கு வைத்த ஆள் என்றே நினைத்தது. ஒரு அம்மாள் தன் வாழைப்பழத் தோலை நேராக அவள் கையிலேயே கொடுத்துவிட்டு இறங்கிப்போனாள். நான் வாயைத் திறக்குமுன் அக்கா அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "நல்லாரும்மா" என்றாள்.

இவ்வளவு பொறுமையானவளா என்று வியந்துகொண்டிருந்த எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பதில் கிடைத்தது. மீன் வாங்கப் போன தெருமுனையில் ஒரு குரல் அடுத்த தெருவரைக்கும் கேட்டது. அக்காதான். பலகையைச் சுற்றிச் செதில், குடல், பூனைகள், கறுத்த தண்ணீர். வஞ்சிரத்தை வெட்டிய வேகத்தில் செதில் பறந்து என் துப்பட்டாவில் ஒட்டியது. விலை குறைத்துக் கேட்ட ஒருவரை அவள் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

"என்னக்கா இது? பஸ்ல அவ்வளவு சுத்தம், இங்க இப்படி?"

"இது என் எடம் கண்ணு. இங்க எவன் இன்னா பேசுனாலும் நான் ரெண்டா பேசுவேன். பஸ்ஸுல பேச முடியுமா? மாமா கூட கீறாரே."

கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, கொஞ்சம் தணிந்த குரலில் மீதியைச் சொன்னாள்.

"எத்தினி வருசம் கூடையத் தூக்கிக்கினு பஸ்ஸு ஏறிகீறேன். நாறுது நாறுதுன்னு சொல்லாத ஆளு கெடியாது. ஜனங்க கூச்சல் போட்டு நடு ரோட்டுல எறக்கி உட்டுகீறாங்க. எனக்கு அது சகஜம். அவரு கேட்டதில்ல கண்ணு. பொறந்ததுலேர்ந்து கடல்ல இருந்த ஆளு, அங்க எவன் அவர நாறுதும்பான்? இப்போ இந்த வவுறு வெச்சுக்கினு பஸ்ஸுல எப்போ எடுப்பாரு, எங்க எடுப்பாருன்னு தெரியல. அந்த வார்த்த ஒண்டி அவரு காதுல உழக்கூடாது. ஊட்டுக்கு இட்டாந்து சேத்துட்டா போதும்."

அதற்குப் பிறகு அவளுடைய துணியும் கவரும் மண்ணும் எதற்கு என்று நான் கேட்கவே இல்லை.

அவர் விஷயமும் சொல்ல வேண்டும். அண்ணன் கடலில் ஒருநாளும் வாந்தி எடுத்ததில்லையாம். ஆசைக்குப் படகில் ஏறும் கரைக்காரர்கள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஓங்கரிக்கும்போது விழுந்து விழுந்து சிரிப்பவராம். அவருக்குத்தான் இப்போது பஸ்ஸின் ஒவ்வொரு வேகத்தடையும் சோதனையாக வந்தது. ஒருமுறை எல்லாம் முடிந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, ரொம்ப நேரம் கழித்து என் பக்கம் திரும்பினார்.

"அல வர்றது முன்னாடியே தெரியும்மா. இந்த டிரைவரு எப்போ பிரேக்கு போடுவான்னு தெரியல, அதான்."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அக்கா அவரைப் பார்த்து, "தா, பேச்சப் பாரு" என்று செல்லமாக அதட்டினாள். அன்றைக்கு இறங்கும்போது அவள் முகம் பூரித்துப் போயிருந்தது.

மண் கதைக்கு வருகிறேன். பஸ்ஸில் யாராவது வாந்தி எடுத்தால் மேலே மண்ணைக் கொட்டுவது ஊர் வழக்கம். மண்ணுக்கா குப்பத்தில் பஞ்சம்? அக்கா வீட்டு வாசலிலிருந்தே அள்ளிக்கொண்டு வந்தாள். முதல்முறை அதைத் தூவியதும் கண்டக்டர், "இன்னாம்மா, பீச்சையே பஸ்ஸுல கொண்டாந்துட்ட?" என்றார். "ஓசியில பீச்சு காட்டுறேன், கம்முனு பாரு நைனா" என்றாள். பஸ்ஸே சிரித்தது. ஆனால் சிரிப்பு அடங்குமுன் பின்சீட்டில் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மீன் நாத்தம் குடலப் பிடுங்குது" என்றார்.

அக்கா திகைத்துப் போனாள். குளித்துவிட்டு, துவைத்த புடவை கட்டி, பவுடர் போட்டு, பூ வைத்துக்கொண்டு வந்தவள். முழங்கையை மோந்தாள், முந்தானையை மோந்தாள், அண்ணனின் துண்டை மோந்தாள். கடைசியில் ஒரு பிடி மண்ணை எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"கொஞ்சம் மோந்து பாரு, கண்ணு. எம்மூக்குக்கு அது தெரியாது."

மண்தான். வலை உதறுகிற, கருவாடு காய்கிற இடத்து மண். அந்த வாடையிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அது எப்படித் தெரியும்? நான் தலையாட்டினேன். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்து, இல்லை என்று சொல்லியிருக்கலாமோ என்று தோன்றியது. ஆனால் அவள் கேட்டது உண்மையை.

அன்றிலிருந்து நான் அவளுக்கு மூக்கு ஆனேன். மண்ணை நல்ல தண்ணீரில் அலசி, மொட்டை மாடியில் காயவைத்து, கற்பூரம் பொடித்துப் போட்டுக் கொண்டுவருவாள். அடையாறு பஸ் ஸ்டாப்பிலேயே பரீட்சை நடக்கும். முதலில் மண், பிறகு அவள் முந்தானை, பிறகு அண்ணனின் சட்டைத் தோள். நான் பெரிய அதிகாரி மாதிரி மோந்துவிட்டு "பாஸ்" என்பேன். "பாஸாம் மாமா" என்று அவரிடம் சொல்வாள். "நீ ஸ்கூலு பக்கமே போனதில்லியேமே, இப்போனாச்சும் பாஸானியே" என்பார் அவர். பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

ஆட்டோவில் போகலாமே என்று எல்லாரும் கேட்ட மாதிரி நானும் கேட்டேன். ஆட்டோ குலுக்குகிறது, வயிறு தாங்கவில்லை என்றாள். இன்னொரு காரணமும் இருந்தது. பஸ் அடையாறு பாலத்தின்மேல் ஏறும்போது வலதுபக்க ஜன்னலில் ஆறு கடலில் சேருமிடம் தெரியும், காற்று வரும். அதற்காகத்தான் அவரை எப்போதும் வலதுபக்கம் உட்கார வைப்பாள். பாலம் வந்ததும் அவர் நிமிர்ந்துவிடுவார். "இன்னிக்கு காத்து சரியில்ல, எவனும் வல உட்டிருக்க மாட்டான்" என்பார். "இன்னிக்கு மீனு கரையாண்டயே கெடக்கும்" என்பார். பாலம் முடிந்ததும் மறுபடி சுருங்கிவிடுவார்.

அவள் யாரிடமும் குப்பை போடாதே என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஒருநாள் கல்லூரிப் பையன் ஒருவன் சிப்ஸ் கவரைக் கசக்கிக் காலடியில் போட்டான். நான் எகிறிவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"உடு கண்ணு. அவன் போட்டத நான் எடுத்துக்கினா, நாளைக்கு எம்மாமா வாந்தி எடுக்கும்போது அவன் மூஞ்சியச் சுளிக்க மாட்டான்."

அதுதான் அவள் கணக்கு. ஊரார் குப்பையை அள்ளி ஊரார் வாயை அடைக்கிற கணக்கு. அது சில நாள் பலித்தது. அதே பையன் இன்னொரு நாள் எழுந்து அண்ணனுக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலையும் நீட்டினான். சில நாள் பலிக்கவில்லை. மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஒருவரின் செருப்பில் இரண்டு சொட்டுத் தெறித்துவிட்டது. அவர் ஆரம்பித்தார்.

"ஆஸ்பத்திரி கேஸையெல்லாம் பஸ்ல ஏத்திக்கிட்டு... ஒரே நாத்தம். பொம்பளைங்களுக்குத்தான் ஓசி டிக்கெட், கூட இதையும் கொண்டாந்து..."

அக்கா முதலில் செய்தது என்ன தெரியுமா? அண்ணனின் துண்டை இரண்டு பக்கமும் இழுத்துக் காதுகளை இறுக்கி மூடி, "காத்து காதுல பூந்துக்கும் மாமா" என்றாள். அப்புறம் குனிந்து அந்த மனிதரின் செருப்பைத் தன் முந்தானையால் துடைத்தாள். அவர் காலை இழுத்துக்கொண்டார். நான் அவரை நன்றாகக் கேட்டுவிட வாயெடுத்தேன். அக்கா நிமிர்ந்து, வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். ஞாயிற்றுக்கிழமை பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் அந்த ஆளை வஞ்சிரம் மாதிரி வகுந்திருப்பாள். அந்தக் குரலை அவளே விழுங்கிக்கொண்டாள்.

இரண்டு நிறுத்தம் தள்ளி அந்த ஆள் இறங்கிய பிறகு துண்டைத் தளர்த்தினாள். "இன்னாமே சொன்னான்?" என்று கேட்டார் அண்ணன்.

"ஆசுபத்திரி எது நல்லாகீதுன்னு விசாரிச்சாரு மாமா."

அவருக்கு உண்மை தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அவள் சொன்னதை நம்புவதும் அவர் அவளுக்குச் செய்த ஒரு உபகாரமாக இருக்கலாம்.

இப்போது அந்தத் தெருமுனையில் வேறு ஒருவர் மீன் விற்கிறார். அக்கா மகள் வீட்டோடு போய்விட்டதாகச் சொன்னார்கள், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் இன்னும் அதே பஸ்ஸில்தான் வருகிறேன். கர்ச்சீப் விரிப்பதில்லை. துணி ஒன்று வைத்திருக்கிறேன், பக்கத்து சீட்டையும் சேர்த்துத் துடைக்கிறேன். அதைச் செய்யும்போதெல்லாம் அந்தக் கடைசி மத்தியானம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்றவில்லை. இனிமேல் வர வேண்டாம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பஸ் ஸ்டாப்பில் அக்கா அதை என்னிடம் மெதுவாகச் சொன்னாள். அண்ணன் கட்டைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். வழக்கமான பரீட்சையை அன்றும் விடவில்லை. மண், முந்தானை, சட்டைத் தோள். "பாஸ்" என்றேன். அண்ணன் கண்ணைத் திறக்காமலே சிரித்தார்.

நல்ல கூட்டம். அவரை ஏற்றி வலதுபக்க ஜன்னலோரம் உட்கார வைப்பதற்குள் அக்காவுக்கு வேர்த்துக் கொட்டியது. நான் அவர்கள் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்து நின்றேன். பாலத்தின்மேல் வண்டிகள் தேங்கி, பஸ் அப்படியே நின்றுவிட்டது. காற்று நன்றாக வந்தது. அண்ணன் நிமிர்ந்தார். கடலை ரொம்ப நேரம் பார்த்தார்.

"தண்ணி நல்லா கீதுமே" என்றார்.

"நல்லா கீது மாமா" என்று அவளும் எட்டிப் பார்த்தாள்.

அவர் தலையை அவள் தோளில் சாய்த்துக்கொண்டார். பஸ் மெல்ல நகர்ந்தது. பாலம் இறங்கிக் கொஞ்ச தூரம் வந்திருப்போம். அக்கா என் கையைத் தொட்டாள்.

"கண்ணு, குனி. கொஞ்சம் மோந்து பாரு."

சீட்டைப் பார்த்தேன். அவர் வேட்டி நனைந்து, தரையிலும் ஈரம் இறங்கியிருந்தது. அதற்குத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக் குனிந்தேன். என் கன்னம் அவர் மூக்குக்கு விரற்கடை தூரத்தில் இருந்தது. அவரிடமிருந்து மூச்சு வரவில்லை. நான் காத்திருந்தேன். வரவே இல்லை.

நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. உறுதி செய்துகொள்ள அவளுக்கு இன்னொரு மூக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

"சத்தம் போடாத கண்ணு" என்றாள், உதடு அசையாமல். "நடு ரோட்டுல எறக்கி உட்டுடுவாங்க. அவர அப்பிடி எறக்கக்கூடாது."

நான் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அக்கா அண்ணனின் துண்டை இழுத்துக் காதுகளை மூடி, இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டாள். பிறகு ஒரு கையால் அவரை அணைத்தபடி, இன்னொரு கையால் கவரிலிருந்து மண்ணை எடுத்து ஈரத்தின்மேல் தூவினாள். கற்பூர வாசனை வந்தது.

கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு, "டிக்கெட் வாங்காதவங்க யாரு?" என்று வந்தார். அவசரத்தில் அக்கா அன்று வாங்கியிருக்கவில்லை.

"பட்டினப்பாக்கம் நைனா. எனக்கு ஓசி டிக்கெட்டு. அவருக்கு ஒண்ணு குடு."

"பெரியவரு தூங்குறாரா?"

"ஆமா நைனா. தூங்குறாரு. எழுப்பாத."

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அவள் அதை அண்ணனின் சட்டைப் பையில் வைத்தாள். அதுவரை நான் எப்படியோ நின்றுவிட்டேன். அந்த டிக்கெட் பைக்குள் போனதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அக்காதான் என் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

வழிநெடுக அவரிடம் பேசிக்கொண்டே வந்தாள். இதோ வந்துடுச்சு மாமா, இன்னும் ரெண்டு ஸ்டாப்பிங்கு மாமா, இன்னிக்கு வாந்தியே எடுக்கல பாத்தியா மாமா. பக்கத்தில் இருந்தவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் மூக்கைப் பொத்தவில்லை.

பட்டினப்பாக்கம் வந்தது. "மருந்து மயக்கம், கொஞ்சம் கை குடுங்கப்பா" என்றாள். இரண்டு ஆண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நானும் இறங்குவதற்குத் திரும்பினேன். அக்கா இறங்கவில்லை. ஈர மண்ணைப் பேப்பரால் வழித்துக் கவரில் போட்டுக் கட்டினாள். லுங்கித் துண்டால் சீட்டைத் துடைத்தாள். பாட்டில் தண்ணீரை ஊற்றி மறுபடி துடைத்தாள். காய்ந்த துணி தீர்ந்துவிட்டது, முந்தானையால் துடைத்தாள். டிரைவர் ஹாரன் அடித்தார். கண்டக்டர், "அப்பறம் பாத்துக்கலாம்மா, எறங்கு" என்றார்.

"ஆச்சு நைனா. ஆச்சு."

ஜன்னல் கம்பியையும் ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் இறங்கினாள்.

அண்ணனை நிழற்குடை பெஞ்சில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். அந்த இரண்டு பேரும் ஓடிப்போய் பஸ்ஸில் தொற்றிக்கொண்டார்கள். அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோளை அணைத்துப் பிடித்துக்கொண்டாள். கண்டக்டரைப் பார்த்துச் சிரித்துக்கூட வைத்தாள். பஸ் நகர்ந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பஸ்ஸு பூடுச்சா கண்ணு?"

"போயிடுச்சுக்கா."

"நல்லா பாத்தியா?"

"வளைவுல திரும்பிப் போயிடுச்சுக்கா. இங்க யாரும் இல்ல."

முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அதை அவிழ்த்தாள். துண்டை அவர் காதிலிருந்து விலக்கினாள். அந்தக் காதில் வாயை வைத்து, ஞாயிற்றுக்கிழமை மீன் விற்கிற அதே குரலில், "மாமா" என்று கத்தினாள்.